பிஸ்கட் பேணிக்குள் மூன்று விமானங்கள்: வைத்திருப்பதா, கொடுப்பதா, விற்பதா?

இங்கிலாந்தின் கென்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவர் 93 வயதில் காலமானார். வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்த அவருடைய மகள் ஒருநாள் பின்னேரம் பழைய பிஸ்கட் பேணியொன்றோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். "அப்பா இதை உங்களுக்குக் காட்டியிருப்பார். எறிய மனமில்லை. வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்றார். அன்றிரவு குசினி மேசையில் செய்தித்தாளை விரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தோம். பிறகு மூன்று கிழமையாக மகளும் நானும் கதைத்து எடைபோட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். போர்க்காலத்தில் தாத்தாவோ அப்பாவோ கொண்டுவந்து வைத்த விமானத் துண்டு உங்கள் கைக்கும் வந்திருந்தால் உதவக்கூடும்.

முதலில் எடுத்தது ஒரு கடித உறை. உள்ளே உள்ளங்கை அகலத் துணித்துண்டு. மங்கிய நீலம், பச்சை, ஊதா, காவி என்று பலகோணக் கட்டங்கள் அச்சிட்ட லினன். விரலால் தொட்டால் கஞ்சி போட்டுக் காயவைத்த துணியைவிட விறைப்பு. மடித்த இடத்தில் வெடித்திருந்தது. உறையின் மேல் பென்சிலில் "அமியென், ஆகஸ்ட் 1918". அமியென் பிரான்சில் உள்ள ஊர். அந்தக் கால விமானங்களின் சட்டத்துக்கு மேல் போர்த்தியது இப்படிப்பட்ட துணிதான். அது முதலாம் உலகப் போருக்குப் போன, மகளின் தாத்தாவுடையது.

அடுத்தது கிழிந்த அலுமினியத் தகடு. ஒரு பக்கம் வெளிர்நீலச் சாயம், மறுபக்கம் சாம்பல்பச்சை. நேரான விளிம்பில் ஏழு ரிவெட் தலைகள் வரிசையாக இருந்தன; மற்ற விளிம்பு கடதாசியைக் கிழித்தது போல் நெளிந்திருந்தது. அதோடு நூலால் கட்டிய கொப்பித் தாளில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில், "டோர்னியர், ஆகஸ்ட் 18" என்று ஒரு வரி, கீழே ஒரு வயலின் பெயர். டோர்னியர் என்பது ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். 1940இல் பத்து வயதுப் பையனாகப் பெரியவர் ஓடிப்போய்ப் பொறுக்கியது அது.

மூன்றாவது ஓர் உயரமானி. முகப்புக் கண்ணாடியில் விரிசல். பின்புறம் ஜெர்மன் விமானக் கருவிகளுக்கே உரிய "எஃப்எல்" என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண். எங்கிருந்து வந்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. அடியில் ஒரு மோதிரமும் கிடந்தது, உடைந்த விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியை அரத்தால் அராவிச் செய்தது. அது மகளின் அம்மாவுடையது. அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. மகள் அப்போதே விரலில் போட்டுக்கொண்டார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று அவர் கேட்டார். நான் பிறந்தது திருகோணமலையில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியபோது ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது வந்து விழுந்தது. தீ நாட்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்த இரும்புத் தகடுகள் பற்றைகளுக்கு நடுவே கிடக்கின்றன. சின்ன வயதில் என் அப்பா கூட்டிப்போய்க் காட்டியபோது, "இந்த இடத்திலதான்" என்று காலால் நிலத்தைத் தட்டிச் சொன்னார். அந்தத் தட்டல்தான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. அதே தகட்டை வேறொரு நாட்டில் பெயர்ச்சீட்டு இல்லாமல் பார்த்திருந்தால் பழைய இரும்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே நான் ஒரேயொரு அளவுகோலைத்தான் வைத்தேன்: எந்த வழியில் போனால் இந்தப் பொருளும், அது விழுந்த ஊரும் நாளும், எடுத்த ஆளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இருக்கும்?

விமானத் துண்டுகளுக்கு இந்தப் பிரிவு எப்போதும் மிக அருகில் இருக்கிற ஆபத்து. 1916 செப்டம்பர் 3 விடியற்காலையில் லீஃப் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் விமானி, எஸ்எல் 11 என்ற ஜெர்மன் வான்கப்பலை கஃப்லி கிராமத்தின் மேல் சுட்டு வீழ்த்தினார். அதன் மரச்சட்டத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, காயப்பட்ட வீரர்களுக்குப் பணம் சேர்க்கச் செஞ்சிலுவைச் சங்கம் விற்றது. அது எந்தக் கம்பி என்று சொல்லும் அட்டை கூடவே இருக்கும் துண்டை இன்றும் மதிப்போடு வைத்திருக்கிறார்கள். அட்டையைத் தொலைத்த கம்பி வேலி கட்டக்கூட உதவாது.

முதலாம் உலகப் போரில் "சிவப்பு பாரன்" என்று பெயரெடுத்த ஜெர்மன் விமானி ரிஷ்ட்ஹோஃபனின் கதை இதைவிடக் கடுமையானது. தான் வீழ்த்திய விமானங்களின் எண் எழுதிய துணியை வெட்டி எடுத்து வீட்டில் மாட்டி வைத்தவர் அவர். 1918 ஏப்ரல் 21 அன்று பிரான்சின் சொம் ஆற்றங்கரையில் அவரே வீழ்ந்தபோது, அவருடைய ஃபோக்கர் மூவிறகு விமானத்தைப் படைவீரர்கள் நினைவுப்பொருளுக்காகப் பிய்த்து எடுத்துப் போனார்கள். இன்று எஞ்சின் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில், இருக்கை டொராண்டோவில், கட்டுப்பாட்டுத் தண்டு கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். அவரைக் கொன்ற குண்டு ஆகாயத்திலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா என்று நூறு வருடத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். முழுதாக வைத்துச் சோதிக்க விமானம் இல்லை. அவர் வீட்டில் சேர்த்து வைத்த துணிகளும் 1945இல் சோவியத் செம்படை வந்தபோது சிதறிப் போயின.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. தாத்தாவின் துணி சிவப்பு பாரனுடைய விமானத்திலிருந்து வந்தது என்பது அந்தக் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. ஆனால் அந்த மூவிறகு விமானத்துக்குப் போட்டது சாதாரண லினன். அதன்மேல் பட்டை பட்டையாக ஒலிவ்பச்சை தீற்றியிருப்பார்கள். அவருடையதில் அதற்கும் மேல் சிவப்பு. பலகோணக் கட்டம் அச்சிட்ட துணி மற்ற ஜெர்மன் விமானங்களுக்குப் போட்டது. சாயம் பூசும் நேரமும் பாரமும் மிச்சம் என்பதால் தறித்துணியிலேயே உருமறைப்பை அச்சிட்டார்கள். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்து, "தாத்தா அப்படி எழுதவேயில்லையே" என்றார். உண்மை. அவர் ஊரும் மாதமும் மட்டும்தான் எழுதியிருந்தார். அமியென் சண்டை தொடங்கியது 1918 ஆகஸ்ட் 8. துணியும் எழுத்தும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. பாரன் கதை இல்லாமலே அது நம்பத்தக்க பொருள்.

வீட்டிலேயே வைத்திருப்பது என்ற வழியை முதலில் எடுத்தோம். பேரப்பிள்ளை தொட்டுப் பார்த்து, "இது யாருடையது?" என்று கேட்பது வீட்டில்தான் நடக்கும். அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதில் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இருக்காது. இந்த வழிக்கு நான் நிறையவே சாய்கிறேன். ஆனால் இதற்கு வேலை உண்டு. துணியில் பூசியிருக்கும் செல்லுலோஸ் மெருகு வயதாக ஆக நொறுங்கும். மடிப்பைப் பிரித்து, அமிலம் இல்லாத கடதாசிகளுக்கு நடுவே தட்டையாக, வெளிச்சம் படாத அலுமாரியில் வைக்க வேண்டும். சட்டம் போட்டு யன்னலுக்கு எதிரே மாட்டினால் சில வருடங்களில் நிறம் போய்விடும். அலுமினியத்தைப் பளபளப்பாக்கவே கூடாது. அந்த வெளிர்நீலம் ஜெர்மன் விமானங்களின் வயிற்றுப் பக்கத்துக்கு அடித்த சாயம். துண்டு விமானத்தின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று சொல்ல இருக்கும் சாட்சி அதுதான். சாம்பல் போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மினுங்கும். இங்கே தேய்த்தால் சாட்சி போகும். வெள்ளைத் தூள் கட்டுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்து, ஈரம் அண்டாமல் வைத்தால் போதும்.

உயரமானி வேறு விதமான பொருள். அதன் எண்களிலும் முள்ளிலும் இருளில் ஒளிர்வதற்காகப் பூசியது ரேடியம் கலந்த சாயம். விளக்கை அணைத்துப் பார்த்தோம், ஒளிரவில்லை. "அப்படியென்றால் சத்துப் போய்விட்டது" என்று மகள் ஆறுதல்பட்டார். அது சரியில்லை. ஒளிர்வது ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. அது சில பத்து வருடங்களில் களைத்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் வேண்டும். முகப்பு முழுதாக இருந்தால் பெரிய பயமில்லை. விரிசல் விட்டதென்றால் உதிர்ந்த தூள் கையிலும் மூச்சிலும் போகும். நான் அதைத் திறக்கவில்லை, துடைக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, படுக்கையறைக்குத் தூரமாகக் காற்றோட்டமான கொட்டிலில் வைத்து, கையைக் கழுவினேன். அந்தப் பேணி இத்தனை வருடமும் பெரியவரின் கட்டிலுக்குக் கீழே இருந்தது என்பதை நினைக்க மனம் கனத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் பேணியில் தோட்டாவோ விமானப் பீரங்கிக் குண்டோ இருந்தால், அது வெற்றுக் கூடு என்று யார் சொன்னாலும் தூக்காதீர்கள். அறையை விட்டு வெளியே வந்து காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

அருங்காட்சியகம் என்றதும் எல்லோருக்கும் லண்டன்தான் நினைவுக்கு வருகிறது. பெரிய தேசிய அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இப்படிப்பட்ட துண்டுகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஏற்றுக்கொண்டாலும் சேமிப்புக் கிடங்கின் இழுப்பறையில் இருக்கும். கிடங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண் போட்டு, குறிப்பு எழுதி, ஈரப்பதம் பார்த்து வைப்பது அங்கேதான். ஆனால் அலுமினியத் தகட்டுக்கு விழுந்த வயலின் பெயர் தெரியும்போது, அந்த வயலுக்குப் பக்கத்து அருங்காட்சியகம்தான் பொருத்தமான இடம் என்று எனக்குப் பட்டது. கென்ட்டில் ஹாக்கிஞ்சின் பழைய விமானத் தளத்திலேயே, 1940இல் ஜெர்மன் விமானப்படையும் பிரிட்டிஷ் விமானப்படையும் மோதிய பிரிட்டன் சண்டைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சசெக்ஸில் டாங்மியரிலும் அப்படியே. அங்கே வருகிறவர்களுக்கு அந்த வயல்கள் தெரியும். சிலர் அங்கேயே வளர்ந்தவர்கள். சின்ன அருங்காட்சியகத்தில் எனக்குள்ள ஒரே கவலை, நடத்துகிறவர்களுக்கு வயதாகி ஒருநாள் மூடிவிட்டால் பொருள் எங்கே போகும் என்பது. அதைக் கொடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். உரிமையை முழுதாக எழுதிக் கொடுக்கிறீர்களா, இரவலாகக் கொடுக்கிறீர்களா என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். இரவல் என்றால் உங்கள் பிள்ளைகள் அதை நினைவு வைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் மறந்துபோவார்கள்.

டோர்னியர் துண்டுக்கு அந்தக் கொப்பித் தாள் எவ்வளவு பெரிய பலம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 1940 ஆகஸ்ட் 18, பிரிட்டன் சண்டையில் "மிகக் கடினமான நாள்" என்று பெயர் பெற்ற நாள். அன்று டோர்னியர் 17 விமானங்கள் கூரைகளை உரசுவது போலத் தாழப் பறந்து பிரிட்டிஷ் விமானப்படையின் கென்லி தளத்தைத் தாக்கின. பிகின் ஹில் தளமும் அன்று தாக்கப்பட்டது. எந்த விமானம் எங்கே விழுந்தது என்று பதிவுகள் இருக்கின்றன. நாளும் வகையும் வயலும் தெரிந்தால், தேடுகிறவர் ஒரே விமானத்தில் வந்து நிற்க முடியும். பத்து வயதுப் பையன் எழுதிய ஒற்றை வரி அந்த வேலையைச் செய்கிறது.

இந்தச் சண்டை நமக்கு முற்றாக அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். சென்னை மாகாணத்தில் திரட்டிய போர்நிதியால் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்) "மெட்ராஸ் பிரசிடென்சி" என்ற பெயரைச் சுமந்தன. 102ஆம் ஸ்குவாட்ரனுக்குச் "சிலோன்" என்று பெயர். பெரியவருக்கு இதைச் சொன்ன நாள் அவர் முகம் மலர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

விற்பதைப் பற்றி நான் முகம் சுளிக்காமல் எழுத விரும்புகிறேன். வீட்டுக் கடனும் மருத்துவச் செலவும் உள்ளவர்களுக்கு அது தேவையான வழி. சேகரிப்பவர்களிலும் பொருளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் ஏலத்தில் ஒரு பொருள் கை மாறும்போது முதலில் கழல்வது கடதாசிதான். உறை ஒருவரிடம், துணி ஒருவரிடம் என்று போகும். அதைவிடக் கொடுமை, துணியைத் தபால்தலை அளவுக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, தனித்தனியாக விற்பது. முழுத்துண்டைவிட அப்படி விற்றால் கூடப் பணம் வரும் என்பதால் செய்கிறார்கள். நூறு வருடம் தாங்கிய துணியை ஒரு கத்தரிக்கோல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். கட்டம் போட்ட துணியைப் புதிதாக நெய்து அச்சிடுகிறார்கள், தகட்டுப் பெயர்ப்பலகைகளைப் புதிதாகப் பொறிக்கிறார்கள். ஆகவே வாங்குகிறவரும் கடதாசியைத்தான் முதலில் கேட்பார், கேட்கவும் வேண்டும். விற்பதென்றால் உறை, தாள், அப்பாவின் படம் எல்லாம் ஒரே தொகுதியாக மட்டும் என்று ஏலக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். உயரமானியைச் சாதாரணத் தபாலில் அனுப்பக் கூடாது. கதிரியக்கப் பொருள் அதற்குத் தடை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் மகள் கேட்டார். 1986ஆம் வருடத்து இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரிட்டனில் இராணுவ விமானம் விழுந்த எந்த இடத்தையும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் தோண்டவோ அங்கிருந்து எதையும் எடுக்கவோ கூடாது. அதற்கு முன்னைய வருடங்களில் ஆர்வலர்கள் தோண்டிய சில குழிகளில் காணாமற்போன விமானிகளின் எலும்புகள் வந்தன. அந்த வேதனைதான் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. வீழ்ந்த எதிரி விமானம் அரசுடைமை என்பதுதான் 1940இலும் நிலை. அப்போதும் பிள்ளைகள் எடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் பண்டமாற்றும் செய்தார்கள். பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்து சாக்கை விரித்தபோது தான் சின்னத் துண்டைப் போட்டுவிட்டு இதைக் காலுறைக்குள் மறைத்ததாகப் பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட துண்டை விற்பதைவிட அருங்காட்சியகத்திடம் கொடுப்பது மனதுக்கு நேரானது என்று மகள் நினைத்தார். எனக்கும் அதே எண்ணம்.

திருப்பி அனுப்புவது, கேட்டவுடன் மனதைத் தொடும் வழி. அதற்கு ஓர் ஆளின் பெயர் தெரிய வேண்டும். ஜப்பானிய வீரர்களின் கையொப்பக் கொடிகளை அவர்களுடைய குடும்பங்களுக்குச் சேர்ப்பிக்கும் ஓபோன் சொசைட்டி என்ற அமைப்பு அமெரிக்காவின் அஸ்டோரியா நகரில் இயங்குகிறது. அது கைகூடக் காரணம், கொடியிலேயே ஆட்களின் பெயர் இருப்பது. 1943 ஏப்ரல் 18 அன்று பசிபிக் தீவான பூகன்வில்லின் காட்டில் வீழ்த்தப்பட்ட ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோவின் விமான இறகு, அவர் பிறந்த நாகஓகாவின் நினைவகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. நம்முடைய துணியில் பெயர் இல்லை. எந்த விமானம், விமானி பிழைத்தாரா என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. டோர்னியர் துண்டுக்குப் பெயர்களைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்கு, "உங்கள் பாட்டனாரின் விமானத்தில் இருந்து" என்று கிழிந்த தகட்டை அனுப்பும் முன் கடிதம் எழுதிக் கேட்பதுதான் மரியாதை. சிலர் கண்ணீரோடு வாங்குவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், இரண்டுமே அவர்களின் உரிமை. ஸ்வஸ்திகா உள்ள துண்டு என்றால் ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டச் சட்டத்தடையும் உண்டு. கல்வி, வரலாறு போன்ற நோக்கங்களுக்கு விலக்கு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஹாக்கிஞ்ச் இடுகாட்டுக்குப் போனோம். பிரிட்டிஷ் விமானிகளின் கல்லறைகளோடு ஜெர்மன் விமானிகளின் கற்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. இங்கிருந்து தூரத்தில், 1967இல் திறந்த கானக் சேஸ் ஜெர்மன் மயானத்தில் இரு போர்களிலும் இறந்தவர்கள் சுமார் 5,000 பேர் கிடக்கிறார்கள். ஆனால் ஹாக்கிஞ்சில் இருப்பவர்கள் விழுந்த இடத்துக்குக் கிட்டவே உறங்குகிறார்கள். அந்த வரிசைக்கு நடுவே நின்றுதான் மகள் தகட்டைப் பற்றிய முடிவை எடுத்தார்: ஆட்கள் இங்கே இருக்கும்போது துண்டும் இந்த மண்ணிலேயே இருக்கட்டும்.

ஆக, மூன்று பொருளுக்கும் ஒரே வழி சரிவரவில்லை. துணி வீட்டில் இருக்கிறது. உறையைப் பிரதியெடுத்து, பாரன் கதை பிழை என்பதையும், அது எப்படிக் குடும்பத்துக்குள் வந்திருக்கலாம் என்பதையும் மகள் தன் கையாலேயே எழுதி உள்ளே வைத்திருக்கிறார். அடுத்த தலைமுறை மறுபடி அதே கதையைத் தொடங்கிவிடக் கூடாது அல்லவா. உயரமானிக்கு ஊரும் இல்லை, நாளும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. அதை வீட்டில் வைக்கும் நியாயம் எனக்குத் தெரியவில்லை. ரேடியக் கருவிகளைக் கையாளத் தெரிந்த ஓரிடம் ஏற்றுக்கொள்ளும்வரை கொட்டிலில் இருக்கிறது. யாரும் ஏற்காவிட்டால் மாநகரசபையைக் கேட்டு முறைப்படி அப்புறப்படுத்துவோம். தகடும் கொப்பித் தாளும், அப்பாவின் பத்து வயதுப் படமும் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன.

ஒப்படைக்கும் படிவத்தில், "இந்தப் பொருள் எவ்வாறு கிடைத்தது?" என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு எழுதினார்: "என் அப்பா எடுத்தார். அவருக்கு அப்போது 10 வயது. தகடு இன்னும் சூடாக இருந்ததாகச் சொல்வார்."